முதலில் இடம் எங்கே என்று கேளுங்கள்: ட்ரோன் தொழிலில் பட்டுத் தெரிந்துகொண்டவை

2022 ஆவணி. தஞ்சாவூரில் ஒரு மண்டபம், மாப்பிள்ளை அழைப்பு. திறந்த காரில் மாப்பிள்ளை, முன்னால் நாதஸ்வரமும் தவிலும், வாண வேடிக்கைக்கு ஆள் தயார். சாயங்காலம் ஆறு மணி வெளிச்சம், வானம் லேசாகச் சிவந்து கிடந்தது. நான் ட்ரோனை ஏற்றி மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. ஊர்வலத்தை மேலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டுக் கீழே இறக்குகிறேன், பக்கத்தில் போலீஸ் ஜீப் நிற்கிறது.

நிலையத்தில் அந்த அதிகாரி சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, மூணே மூணு கேள்வி. இதுக்கு நம்பர் எங்கே? உங்க லைசென்ஸ் எங்கே? இங்கே பறக்கவிட யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அப்போது நான் ட்ரோன் பறக்கவிட ஆரம்பித்து மூன்று வருடம், ஐம்பது கல்யாணத்துக்கு மேல் முடித்தாயிற்று. அந்த மண்டபத்திலிருந்து விமானப்படைத் தளம் வண்டியில் பத்து நிமிடம். அது எனக்குத் தெரியும், தஞ்சாவூரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கும் என் கையில் இருக்கிற அரைக்கிலோகூட வராத பொருளுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

இரவு எட்டு மணிக்குப் பெண்ணின் அப்பா நிலையத்துக்கு வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், விடிந்தால் முகூர்த்தம். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, எங்க வீட்டுக் கல்யாணத்துல இது எதுக்குப்பா" என்று மட்டும் கேட்டார். வழக்குப் பதியவில்லை, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ட்ரோன் 11 நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. இவ்வளவு நடந்தும் இன்றைக்கும் என்னை உறுத்துவது பறிமுதல் இல்லை. மகளுடைய கல்யாணத்துக்கு முந்தின இரவில் ஒரு மனிதரை அந்த பெஞ்சில் உட்கார வைத்தேன், அதுதான்.

இந்தத் தொழிலுக்குள் புதிதாக வருகிற தம்பிகள் நிறையப் பேர் எனக்கு போன் செய்கிறார்கள். எந்த மாடல் வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். விதி என்ன என்று கேட்பவர்கள் குறைவு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம், சட்டமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது ட்ரோன் விதிகள், 2021. அந்த வருடம் ஆகஸ்டில் வந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்னால், மார்ச்சில், இன்னொரு விதித்தொகுப்பு வந்தது, கெடுபிடி அதிகம், அதை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். இதன்படி 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை ஸ்மால். 150 கிலோ வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். நம்மைப் போன்றவர்களுக்கு முதல் மூன்றுதான் வாழ்க்கை. இந்த எடை என்பது வெறும் ட்ரோனின் எடை இல்லை. மேலே ஏறும்போது அதோடு என்னவெல்லாம் சேர்ந்து ஏறுகிறதோ அவ்வளவும் சேர்த்துத்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கும்பகோணம் பக்கம் என் நண்பர் ஒருவர் 249 கிராம் மினி ரகம் வைத்திருந்தார். "நானோதான், எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை" என்று தைரியமாக இருந்தார். ஒரு நாள் அதை எங்கள் தெரு மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் வைத்தோம். அவர் அதிக நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரி போட்டிருந்தார், தராசு 290 காட்டியது. பேட்டரியை மாற்றினால் 249. அதே பேட்டரியோடு இறக்கையைச் சுற்றிக் காப்பு வளையம் மாட்டினால் திரும்பவும் 250 தாண்டிப் போனது. ஒரு வளையம் மாட்டினால் வகுப்பே மாறிவிடுகிறது. கல்யாணத்தில் கூட்டத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்து வளையம் மாட்டுகிறோம், அதனாலேயே சட்டப்படி ட்ரோன் ஓட்டுகிறவருக்கான விமானி சான்றிதழும் காப்பீடும் வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறோம். உங்கள் ட்ரோன் நானோ என்று நம்பிக்கொண்டிருந்தால், நீங்கள் எப்படிப் பறக்கவிடுகிறீர்களோ அப்படியே முழுசாக ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள்.

நானோ என்றால் எதுவுமே வேண்டாம் என்று ஒரு பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. அது பாதிதான் சரி. விமானி சான்றிதழ் வேண்டாம், அந்த மாடலுக்கான வகைச் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம் இல்லை. ஆனால் பதிவெண்ணுக்கு அப்படி ஒரு விலக்கு விதியில் எழுதப்படவில்லை. வான்பரப்பு வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள் என்று குறித்த மண்டலங்களில் பறக்க அனுமதி வேண்டும் என்பதும் நானோவுக்கும் உண்டு. 249 கிராம் என்று சொல்லிக்கொண்டு விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் ஏற்ற முடியாது.

மைக்ரோ வகுப்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சொந்த ஆசைக்கு, காசு வாங்காமல் பறக்கவிட்டால் விமானி சான்றிதழ் தேவையில்லை. தொழிலுக்கு என்றால் கட்டாயம் தேவை. நான் மூன்று வருடம் கூலி வாங்கிக்கொண்டு ஓட்டியது அந்தச் சான்றிதழ் இல்லாமல்தான். "நண்பன் கல்யாணம், சும்மாதான் எடுத்தேன்" என்று சொல்லித் தப்பலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் ரேட் கார்டு போட்டிருக்கிறோம், இன்ஸ்டாகிராமில் போன் நம்பரோடு ரீல் போட்டிருக்கிறோம், அப்புறம் சும்மா எடுத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இப்போது வரைபடம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகத் தெரிகிறது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் ஒரு வான்பரப்பு வரைபடத்தை வெளியிட்டார்கள், டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு இல்லை. பச்சை என்றால் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வளையத்தில் பச்சை 200 அடியோடு முடிந்துவிடும். மஞ்சள் என்றால் அந்த வான்பரப்பைக் கவனிக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம் அனுமதி வாங்க வேண்டும். இடத்தைப் பொறுத்து அது விமான நிலைய ஆணையமாக இருக்கலாம், விமானப்படையாகவும் இருக்கலாம். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. சிவப்பு மண்டலத்தில் ஒரு கல்யாண வீடியோவுக்கு அனுமதி வாங்கிவிடலாம் என்று யாராவது உங்களுக்கு நம்பிக்கை கொடுத்தால் அவரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

அன்றைக்கு இரவு வீட்டுக்கு வந்து அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். என் ஊரையே நான் முதல் முறை பார்ப்பது மாதிரி இருந்தது. நான் வாடிக்கையாகப் போகிற மண்டபங்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தேன். தஞ்சாவூர் நகரத்தை ஒட்டியவற்றில் பச்சையில் எதுவும் விழவில்லை. அந்தப் பக்கம் திருச்சிக்குப் போனால் விமான நிலையம். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் நகர நகரத்தான் எனக்குப் பச்சை கிடைத்தது. சொந்த ஊரில் தொழில் இல்லை, நாற்பது கிலோமீட்டர் தள்ளித்தான் தொழில் என்று ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளானது.

இந்த வரைபடம் கல்லில் வெட்டியது இல்லை என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அவசரத் தேவை என்றால் மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. பிரதமர் வருகிறார், முதல்வர் வருகிறார் என்றால் மாவட்டம் முழுக்க ட்ரோனுக்குத் தடை என்று செய்தி வரும், பார்த்திருப்பீர்கள். அதனால் ஒப்பந்தம் பேசும்போது ஒரு தடவை, முந்தின நாள் ஒரு தடவை, ட்ரோனை ஏற்றும் முன் ஒரு தடவை என்று மூன்று முறை பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த வேலையின் ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன். போன வருடம் பாபநாசம் பக்கம் ஒரு காவலர் வந்து கேட்டபோது, வாதமே செய்யாமல் அந்தப் படத்தைத்தான் காட்டினேன். பார்த்தார், ட்ரோனில் ஒட்டியிருந்த பதிவெண்ணைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார், "சீக்கிரம் முடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பச்சையில் இருந்தாலே எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. வானத்துக்கு ஒரு சட்டம், தரைக்கு இன்னொரு ஆள். பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே ட்ரோன் படம் எடுக்க அந்தத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். கோடியக்கரை மாதிரி சரணாலயம் என்றால் வனத்துறை. மற்ற கோயில்களுக்கு நிர்வாக அதிகாரியின் கடிதம். மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டு மாடியில் ஓர் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார், அவருக்கு எந்தச் சட்டத்திலும் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஆனால் நான் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். "பத்து நிமிஷம்தாம்மா, கேமரா உங்க வீட்டுப் பக்கம் திரும்பாது" என்று சொன்னால் போதும், பாதிப் புகார் அங்கேயே அடங்கிவிடும்.

சரி, எனக்கு நடந்ததற்கு வருகிறேன். நிலையத்திலிருந்து ட்ரோன் திரும்பி வந்ததும், இனி எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதிவெண் வாங்கலாம் என்று போனால், வகைச் சான்றிதழ் எண் கேட்கிறது. ஒரு மாடல் இந்தியாவில் சோதனை செய்யப்பட்டுத் தரமானது என்று உறுதிப்படுத்தப்பட்டதற்கான சான்று அது. தயாரிப்பாளர் வாங்க வேண்டியது, நாம் வாங்கக்கூடியது இல்லை. என்னுடையது மாவிக் ஏர், 430 கிராம், மைக்ரோ. 2019-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா மகன் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. ஜிஎஸ்டி பில் கிடையாது. பழைய ட்ரோன்களைப் பதிவு செய்துகொள்ள 2021 கடைசியில் ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள், அதற்கும் ஜிஎஸ்டி பில் வேண்டும், அதுவும் முடிந்து போயிருந்தது. 2022 பிப்ரவரி 9-ஆம் தேதி முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யவும் தடை வந்துவிட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு. உதிரி பாகங்கள் வரலாம், முழு ட்ரோனோ, பிரித்துக் கொண்டுவந்து மாட்டுகிற ட்ரோனோ வரக்கூடாது.

ஆக, 70,000 ரூபாய் போட்ட பொருள், நன்றாகப் பறக்கிற பொருள், தொழிலுக்கு ஆகாது. எந்த அபராதம் கட்டினாலும், எந்தப் படிப்புப் படித்தாலும் அதைச் சட்டத்துக்குள் கொண்டுவர எனக்கு வழி கிடைக்கவில்லை. இதை ஜீரணிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள், வாங்கத் தயாராக இரண்டு பேர் வரவும் செய்தார்கள். அதே பெஞ்சில் இன்னொரு பையன் உட்காருவான் என்று தெரிந்தே விற்க எனக்கு மனம் வரவில்லை. பீரோவில் இருக்கிறது.

இன்றைக்கும் "சரக்கு இருக்கு, பில் இல்லாம கம்மியா முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. இந்த மாடலுக்கு வகைச் சான்றிதழ் இருக்கிறதா, எண் என்ன? பழையது என்றால், உங்கள் பெயரில் இருக்கிற பதிவெண்ணை என் பெயருக்கு மாற்றித் தருவீர்களா? கார் வாங்கினால் ஆர்சி மாற்றுகிறோம் இல்லையா, அப்படித்தான் இதுவும். அதற்கென்று படிவம் இருக்கிறது, டி-3. மாற்றாமல் பொருளை மட்டும் கையில் கொடுப்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விலை விஷயத்தில் இப்போது ஓர் ஆறுதல் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோனுக்கு ஜிஎஸ்டி ஒரே சீராக 5 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு முன் கேமரா வைத்ததற்கு 18, சொந்த உபயோகம் என்றால் 28 என்று இருந்தது.

பயிற்சிக்கு 2023 ஜூனில் போனேன். 18 முதல் 65 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு இயக்குநரகமான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்துத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான் தகுதி. இதில் எனக்கு வந்த தடை பாஸ்போர்ட். அப்போது அடையாளத்துக்கு அதைக் கட்டாயமாகக் கேட்டார்கள், வெளிநாடே போகாத நான் அதற்காக விண்ணப்பித்துக் காத்திருந்தேன். நான் முடித்த மூன்று மாதத்தில், 2023 செப்டம்பரில், விதியைத் திருத்தி வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய கதவு. இன்னமும் "பாஸ்போர்ட் இல்லாமல் முடியாதாமே" என்று தயங்குகிறவர்களைப் பார்க்கிறேன். தயங்க வேண்டாம்.

கட்டணம் நான் கட்டியது 55,000, தங்குமிடம் தனி. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, அந்த நிறுவனம் டிஜிசிஏவின் பட்டியலில் இன்றைக்கு இருக்கிறதா என்று நீங்களே தளத்தில் பாருங்கள், அவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு, எந்த வகுப்புக்குச் சான்றிதழ் தருகிறார்கள் என்று கேளுங்கள். மைக்ரோவா, ஸ்மாலா என்று சான்றிதழில் இருக்கும். கல்யாணத்துக்கு மட்டும் போதும் என்று இருந்தால் மைக்ரோ. நாளைக்கு வயலில் மருந்து அடிக்கும் வேலையும் எடுப்பேன் என்றால் ஸ்மால் படிப்பது நல்லது, கொஞ்சம் கூடச் செலவானாலும்.

எனக்குப் பறக்கவிடத் தெரியும் என்ற நினைப்போடு போனேன். இரண்டாம் நாள் பயிற்றுநர் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, "எட்டுப் போடுங்க" என்றார். அதுவரை நான் குச்சியை விட்டால் ட்ரோன் ஆணி அடித்த மாதிரி நின்ற இடத்தில் நிற்கும். இப்போது குச்சியை விட்டால் காற்று தள்ளிக்கொண்டு போகிறது. எதிரே முகம் காட்டி வரும்போது இடது வலதாகிறது, வலது இடதாகிறது. முதல் எட்டு எட்டாகவே இல்லை. மூன்று வருடமாகக் கூட்டத்துக்கு மேலே நான் பறக்கவிட்டது ஜிபிஎஸ் காப்பாற்றிக் கொடுத்த பறப்பு என்று அந்த மைதானத்தில்தான் புரிந்தது. ஒரு முறை அந்த சிக்னல் போயிருந்தால்? திறந்த காரில் மாப்பிள்ளை, பின்னால் சின்னப் பிள்ளைகள். அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சான்றிதழ் என்பது ஏதோ காகிதம், காசு பிடுங்குகிற வேலை என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த எட்டைத்தான் சொல்வேன்.

சான்றிதழ் பத்து வருடத்துக்குச் செல்லும். பதிவெண்ணுக்கும் விமானி சான்றிதழுக்கும் அரசுக் கட்டணம் தலா 100 ரூபாய்தான், ஆயிரக்கணக்கில் கேட்கிற இடைத்தரகர்களிடம் ஏமாறாதீர்கள். இந்தச் சேவைகள் முன்பு டிஜிட்டல் ஸ்கையில் இருந்தன, இப்போது டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு பழைய இடத்தில் தேடினால் நேரம் போகும். பதிவெண் என்பது ட்ரோனின் வரிசை எண்ணோடு மட்டும் சேர்ந்ததும் இல்லை. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை, நம் கையில் இருக்கும் ரிமோட், மூன்றின் எண்களும் அதில் கோத்திருக்கும். பழுதாகிப் பலகையையோ ரிமோட்டையோ மாற்றினால் ஏழு நாளுக்குள் தளத்தில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். கடையில் மாற்றிக் கொடுப்பவர் இதைச் சொல்ல மாட்டார், நாம்தான் பழைய பலகையின் எண்ணையும் புதியதன் எண்ணையும் பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

மூன்றாம் நபர் காப்பீடு நானோ தவிர எல்லாவற்றுக்கும் கட்டாயம். வண்டிகளுக்கு இருக்கிற 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீட்டு விதிகளைத்தான் இதற்கும் பொருத்தியிருக்கிறார்கள். பாலிசி வாங்கும்போது முதல் பக்கத்தில் தொகையை மட்டும் பார்க்காமல், எதற்கெல்லாம் தரமாட்டோம் என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் படியுங்கள். விமானியாக யார் பெயர் இருக்கிறது, வணிகப் பயன்பாடு என்று இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் உதவியாளர் ஒரு நாள் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பக்கம்தான் பேசும்.

2024-லிருந்து எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். ட்ரோன் அவர்களுடையது, மானியத்தில் வாங்கியது. நான் விமானி, ஏக்கருக்குக் கூலி. பல 10 லிட்டர் ட்ரோன்கள் தொட்டி நிறைந்த நிலையிலும் 25 கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கின்றன, அந்த எண் ஸ்மால் வகுப்பின் எல்லை. கைத்தெளிப்பானில் அரை நாள் ஆகும் ஒரு ஏக்கர், இதில் பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. மருந்து விஷயத்துக்கு வேளாண் துறையின் செயல்முறை வழிகாட்டி 2021 டிசம்பரில் வந்தது, அதைத் தனியாகப் படிக்க வேண்டும். எல்லா மருந்தையும் ட்ரோனில் அடிக்கக் கூடாது, ட்ரோனுக்கு ஒப்புதல் கொடுத்த மருந்துதான். நீர்நிலை, வீடு, மாடு கட்டியிருக்கும் இடம், இவற்றுக்கு விலகி நிற்க வேண்டும். ஊரில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காற்று வீசினால் நிறுத்திவிட வேண்டும், விவசாயி எவ்வளவு அவசரப்படுத்தினாலும். பக்கத்து வயலில் பருத்தி நிற்கிறது, இங்கே நெல்லில் 2,4-டி களைக்கொல்லி கேட்கிறார் என்றால் நான் போவதே இல்லை. பருத்திக்கு அந்த மருந்தின் வாடையே ஆகாது, இலை சுருண்டுவிடும்.

அங்கே எனக்கு ஒரு விபத்து நடந்தது. மார்கழிக் காலை, பனி விலகி வெயில் எதிரே அடிக்கிறது, வயலின் மூலையில் ஒரு மின்கம்பத்துக்கு இழுவைக் கம்பி சாய்வாக இறங்கியிருக்கிறது. கம்பம் தெரிந்தது, கம்பி தெரியவில்லை. இறக்கை தட்டி ட்ரோன் வரப்பில் விழுந்தது, ட்ரோனின் இரண்டு கைகள் முறிந்தன, தொட்டி உடைந்து மருந்து சேற்றில் ஊற்றியது. யாருக்கும் அடி இல்லை. விபத்து என்றால் 48 மணி நேரத்துக்குள் டிஜிசிஏவுக்குத் தளம் வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்று படித்திருந்தேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, எதுக்கு நாமே போய்ச் சொல்லிக்கணும்" என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அன்று இரவே தெரிவித்தேன். காப்பீட்டுக்காரர் முதலில் கேட்டதும் அந்தப் பதிவைத்தான். அதிலிருந்து எந்த வயலிலும் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு வரப்பையும் நடந்து வருகிறேன். கம்பம், இழுவைக் கம்பி, பனைமரம், மோட்டார் கொட்டகைக்குப் போகும் சர்வீஸ் வயர், எல்லாவற்றையும் நடந்தால்தான் தெரியும். இழுவைக் கம்பிகளில் சிவப்புத் துணி கட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

கும்பாபிஷேகத்துக்கு ட்ரோனில் புனித நீர் தெளிக்க இரண்டு கோயில்களில் கேட்டார்கள். நம் பக்கம் இது இப்போது பரவலாக நடக்கிறது, மக்கள் அண்ணாந்து கையேந்தி நிற்பதைப் பார்க்க எனக்கும் மனம் நெகிழும். ஆனாலும் மறுத்தேன். ஆயிரக்கணக்கான தலைகளுக்கு மேலே 25 கிலோவை நிறுத்துகிறோம். தொட்டி மருந்து அடித்த தொட்டி, எத்தனை தடவை கழுவினாலும் அந்த நீர் ஒரு குழந்தையின் கண்ணில் விழுவதை நான் ஏற்க மாட்டேன். வேறு யாராவது செய்கிறார்கள் என்றால், அதற்கென்றே புதிய தொட்டி, போலீஸின் எழுத்துப்பூர்வ அனுமதி, கூட்டத்தின் ஓரத்தோடு நிறுத்திக்கொள்வது, இந்த மூன்றுமாவது இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்டனை என்ன என்று கேட்பவர்களுக்கு: இந்த விதிகளை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். மற்றச் சட்டங்கள் தனி. 2025 செப்டம்பரில் குடிமை ட்ரோன்களுக்கென்று தனிச் சட்ட வரைவு ஒன்றைக் கருத்துக் கேட்க வெளியிட்டார்கள், அதில் தண்டனைகள் இதைவிடக் கடுமையாக இருந்தன. தொழிலில் இருப்பவர்கள் இதையெல்லாம் செய்தியில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

வாடிக்கையாளரிடம் பேசுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்பெல்லாம் போன் வந்தால் தேதி கேட்பேன், பட்ஜெட் கேட்பேன். இப்போது முதல் கேள்வி இடம். மண்டபத்தின் லொகேஷனை அனுப்பச் சொல்லி, வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் ட்ரோன் உண்டா இல்லையா என்றே சொல்வேன். ரசீதில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: வான்பரப்புத் தடை, காற்று, மழை காரணமாக ட்ரோன் பறக்காவிட்டால் அந்தத் தொகை மட்டும் திருப்பித் தரப்படும். இதைப் படித்துவிட்டு யாரும் என்னை விட்டுப் போனதில்லை என்று சொன்னால் பொய். போனார்கள். முதல் வருடம் நான்கைந்து வேலை கைவிட்டுப் போனது, பக்கத்துக் கடைக்காரர் எதையும் கேட்காமல் ஏற்றிவிடுகிறார் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். கஷ்டமாகத்தான் இருந்தது, தவணை கட்ட வேண்டிய மாதங்கள் அவை.

போன வாரம் திருச்சி கே.கே. நகரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், தையில் கிரகப்பிரவேசம், மாடியோடு புது வீடு மேலிருந்து தெரிய வேண்டுமாம். லொகேஷன் அனுப்பச் சொன்னேன். விமான நிலையம் கூப்பிடு தூரம். "ஐயா, இங்கே ட்ரோன் ஏத்த முடியாது, ஆனா கேமரா கிரேன் கொண்டு வந்தா இருபது அடி உயரத்துல இருந்து வீட்டு முகப்பு முழுசா வாங்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "கிரேனுக்கு எவ்வளவு ஆகும் தம்பி?" என்று கேட்டார்.